லயத்து இஸ்தோப்பில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார்: பிரித்து, தேய்த்து, பூசி, மறுபடி பூட்டுவது

மாமா ஒரு காலத்தில் இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துக் கலியாண வீடுகளில் பைலா ஆட்டப் பாட்டுகள் வாசித்த கிட்டார் அது. பேண்ட் கலைந்த பிறகு அலுமாரிக்கு மேலே உரச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. என் கைக்கு வந்தபோது கம்பிகள் துருவேறியிருந்தன, கறுப்பு பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது, அம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகினால் கரகரவென்ற இரைச்சல் மட்டும் வந்தது. அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு தடவை வேலை செய்ய வேண்டி வந்தது. முதல் தடவை ஏன் பாழாகியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், மலைநாட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் முக்கியம்.

தொடங்கும் முன் ஒன்று. உங்கள் கையில் இருப்பது 1950கள், 60களின் அசல் ஃபெண்டரோ கிப்சனோ என்றால் பெயின்ட்டைத் தொடாதீர்கள். பழைய பூச்சோடு இருந்தால்தான் அதற்கு விலை. நம் ஊர்களில் பெரும்பாலும் கிடைப்பது 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவத்தைப் பார்த்துச் செய்த நகல்கள். கழுத்து நான்கு ஸ்க்ரூவில் பூட்டியிருக்கும், தனியாகக் கழற்றலாம். பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை.

பிரித்தல்

ஆறு கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுங்கள். ஒவ்வொன்றைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம். குறிப்பாக வயர்கள்: எந்த நிற வயர் எந்தக் காலில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று கிட்டத்தில் நான்கைந்து படம் எடுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று நானும்தான் நினைத்தேன். ஸ்க்ரூக்களை இடத்துக்கு ஒரு சிறு பையாகப் போட்டுப் பெயர் எழுதுங்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) ஸ்க்ரூவும் பிக்கார்ட் (முன்பக்கத்துத் தகடு) ஸ்க்ரூவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்று மற்றதன் துளையில் போகாது.

பழைய பூச்சை எடுத்தல்

பிக்கார்டுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், அசிட்டோன் தொட்ட பஞ்சை வையுங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது லாக்கர் வகை. அசையாமல் இருந்தால் பொலியூரித்தேன் அல்லது பொலியெஸ்டர். மலிவான நகல்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். கண்ணாடி மாதிரி தடிப்பாக இருக்கும், தின்னருக்கு மசியாது. ஹீட் கன் கிடைத்தால் சூடாக்கிக் கரண்டியால் தள்ளலாம், ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் கருகும். கிடைக்காவிட்டால் 80 நம்பர் சேண்ட் பேப்பரும் இரண்டு நாள் தோள்வலியும்.

பூச்சு எங்கும் உரியாமல் உறுதியாக இருந்தால் மரம்வரை போகவே தேவையில்லை. 320 நம்பரால் மினுக்கம் போகத் தேய்த்துவிட்டு அதன் மேலேயே பூசலாம். முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மரம்வரை போனால் 80, 120, 180, 240, 320 என்று ஏறிக்கொண்டே போங்கள், எப்போதும் மர ரேகையின் திசையில். சேண்ட் பேப்பரை ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடியுங்கள், வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். கழுத்து உட்காரும் குழியை மட்டும் தேய்க்காதீர்கள். அது அரை மில்லிமீற்றர் தளர்ந்தாலும் கழுத்து ஆடும். அமுங்கிய இடங்கள் இருந்தால் ஈரத்துணியை வைத்து மேலே சூடான அயர்னை அழுத்துங்கள், ஆவியில் மரம் உப்பி மேலே வரும். முகமூடி கட்டாயம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதனால் ஒற்றைக் காம்பராவுக்குள் (அறைக்குள்), பிள்ளைகள் படுக்கும் இடத்தில், இந்த வேலை வேண்டாம்.

கடைசியில் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சேண்டிங் சீலர் இரண்டு பூச்சு, 320இல் மெதுவாக ஒரு தேய்ப்பு.

பெயின்ட்: நாள் பார்த்து அடிக்க வேண்டியது

முதல் தடவை நான் ஜூன் மாதத்தில் அடித்தேன். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். வெளியே தூறல், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, வரை மூடுபனி. சிவப்பு நன்றாகத்தான் விழுந்தது. மேலே தெளிந்த லாக்கர் அடித்த பத்து நிமிடத்தில், உடம்பு முழுவதும் பால் ஊற்றியது போல் வெளுத்துவிட்டது.

லாக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, பூச்சுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த ஈரம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. எனக்கு அது தெரியாது. காய்ந்தால் சரியாகும் என்று குசினியில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். கொப்புளமும் கரியும் சேர்ந்ததுதான் மிச்சம். தின்னர் ஆவி நெருப்புப் பிடிக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம், நீங்கள் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

எப்போது அடிப்பது என்றால், தேயிலையைப் பாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, திம்புள்ள பக்கம் நல்ல தரமான தேயிலை வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவில், பண்டாரவளை, அப்புத்தளை பக்கம், ஜூலை முதல் செப்டம்பர் வரை. இரண்டுக்கும் காரணம் அந்த மாதங்களில் வீசும் வறண்ட காற்று. கொழுந்துக்கு வாசம் கொடுக்கும் அதே காற்றில்தான் லாக்கரும் தெளிவாகக் காயும். மேற்குப் பக்கத்தில், அதாவது ஹட்டன் பக்கம், இருப்பவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொன்னால், சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் ஏறும் சீசனில், அதிலும் பொங்கல் கழிந்த பிறகு அடியுங்கள்.

அந்த மாதங்களிலும் காலை வெயில் ஏறி, புல்லில் பனி காய்ந்த பிறகு தொடங்கி, பிற்பகல் மூடுபனி இறங்கும் முன் முடித்துவிடுங்கள். ஸ்ப்ரே பெயின்ட் டின்னை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் தூவல் சீராக வரும், கொதிதண்ணீர் கூடாது. கழுத்துக் குழியில் ஒரு பலகைத் துண்டை ஸ்க்ரூ பண்ணி அதைப் பிடியாக வைத்துத் தொங்கவிடுங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் இருந்து, உடம்புக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற மாதிரி மெல்லிய பூச்சு. நிறம் மூன்று தடவை, தெளிந்த லாக்கர் ஐந்தாறு தடவை. ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று டின்னில் எழுதியிருக்கும். வழிந்தால் துடைக்காதீர்கள், காயவிட்டுத் தேய்க்கலாம்.

வெளுத்துப் போனாலும் பதற வேண்டாம். வறண்ட நாள் ஒன்றில் மேலே மெல்லியதாகத் தின்னர் தூவினால் லாக்கர் இளகி, உள்ளே இருந்த ஈரம் வெளியேறும். வாகனம் பெயின்ட் அடிக்கிற கராஜில் ஒருவர் சொல்லித் தந்தது இது. அதற்குள் என் கிட்டாரின் பூச்சு கொப்புளித்துக் கரி பிடித்துவிட்டதால் எனக்குப் பயன்படவில்லை.

அப்புறம் மூன்று நான்கு கிழமை காத்திருங்கள். மூக்கை வைத்துப் பாருங்கள்: தின்னர் மணந்தால் இன்னும் காயவில்லை. மணம் போனதும் 1000, 1500, 2000 நம்பர்களில், சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ரப்பிங் கம்பவுண்ட் போட்டு மினுக்குங்கள். ஸ்க்ரூத் துளைகளுக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதிப் பூச்சு வெடிக்கும், கவனம்.

வயர் வேலை

கரகரப்புக்குப் பெரும்பாலும் வால்யூம் பொட்டில் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் சுழலும் பாகம்) சேர்ந்த அழுக்குதான் காரணம். கொன்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தடவை திருப்புங்கள். பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று மல்டிமீற்றரில் பார்க்கலாம்: ஒற்றைச் சுருள் பிக்கப் சுமார் 5 முதல் 8 கிலோ ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. பொட் மாற்றுவதானால் ஒற்றைச் சுருளுக்கு 250, ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500 கிலோ ஓம். பின்பக்கத்து ஸ்பிரிங் தகட்டுக்குப் போகும் எர்த் வயரை மறக்காதீர்கள். அது விட்டுப்போனால் ஊங்காரம் நிற்காது. அம்ப்பைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

பூட்டிச் சுருதி கூட்டல்

தளர்ந்த ஸ்க்ரூத் துளைக்குத் தீக்குச்சியும் மரப்பசையும் போதும். ஸ்க்ரூவில் கொஞ்சம் மெழுகுதிரி தேய்த்தால் சிரமமில்லாமல் இறங்கும். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்களைச் சன்ன ஸ்டீல் வூலால் துடைக்கும்போது பிக்கப்களை மூடிவிடுங்கள், இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

9–42 தடிப்பு அளவுக் கம்பி போட்டுச் சுருதி கூட்டுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்தினால், எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் விசிட்டிங் கார்ட் ஒன்று நுழையும் அளவு, அதாவது கால் மில்லிமீற்றர், இடைவெளி வேண்டும். கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை வலப்புறம் கால் சுற்று இறுக்கிவிட்டு, அடுத்த நாள்வரை பொறுத்துப் பாருங்கள். ஒரே தடவையில் முழுச் சுற்று திருப்பிக் கழுத்தை உடைத்தவர்கள் உண்டு. 12ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் மெல்லிய பக்கம் 1.6, தடித்த பக்கம் 2 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். அதே ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியையும் அழுத்தி வாசிக்கும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது உயர்ந்து கேட்டால் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலைக் கழுத்தை விட்டுப் பின்னால் தள்ளுங்கள், தாழ்ந்து கேட்டால் முன்னால். மழைக்காலம் மாறும்போது கழுத்தும் அசையும், இதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

பெப்ரவரியில் முடித்து மாமாவிடம் கொண்டுபோனேன். வாசிக்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து எதையோ தேடினார். கேட்டேன். பதினெட்டு வயதில் அவருடைய பெல்ட் பக்கிள் உரசிய தடம் அங்கே இருந்ததாம். 80 நம்பரில் நான் முதல் நாள் தேய்த்து எடுத்தது அதைத்தான்.