செயற்கைக் கல் கனிமமா என்பதை முடிவுசெய்வது எப்படி?

ஒரு கல்லின் அடையாளச் சீட்டில் கனிமம் என்று எழுதுவதற்கு முன், அது எதனால் ஆனது என்பதைவிட எங்கே உருவானது என்பதை முதலில் விசாரியுங்கள். சர்வதேச கனிமவியல் சங்கம் 1995இல் வெளியிட்ட வரையறையின்படி, பொதுவாகப் படிக அமைப்புடையதாகவும் புவியியல் செயல்பாடுகளால் உருவானதாகவும் இருக்கும் தனிமமோ சேர்மமோதான் கனிமம் ஆகும். விண்கற்களில் உருவானவையும் இதில் அடங்கும். ஆய்வகத்தில் வளர்த்தவை அடங்கா.

குருந்தம் என்ற கனிமத்தின் சிவப்பு வகையான மாணிக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் ஓகுஸ்த் வெர்னுய் 1902இல் அறிவித்தார். அவ்வாறு வளர்ந்த கல்லுக்கும் சுரங்கத்தில் எடுத்த கல்லுக்கும் அடிப்படைச் சேர்க்கை, படிக அமைப்பு, கடினத்தன்மை, குரோமியம் தரும் சிவப்பு ஆகிய அனைத்தும் ஒன்றே என்பதால், கடினத்தன்மையைச் சோதித்து இரண்டையும் பிரிக்க முடியாது. உருப்பெருக்கியில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளோ வாயுக் குமிழிகளோ தெரிந்தால், அது சுடரில் வளர்ந்தது என்று கொள்ளலாம். அதைப் போலி என்று சொல்வது தவறு. ‘செயற்கைக் குருந்தம்’ என்று குறிப்பதே சரி. போலி என்ற சொல், மாணிக்கம்போல் தோன்றும் சிவப்புக் கண்ணாடிக்கே பொருந்தும்.

அடுத்து, அந்தப் பொருளுக்கு இயற்கையில் இணை உண்டா என்று பாருங்கள். சிலிக்கான் கார்பைடான மொய்சனைட்டை 1893இல் அரிசோனா விண்கல் ஒன்றின் மாதிரியில் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி முவாசான் கண்டறிந்தார், அது கனிமம். நகைகளில் பதிக்கப்படும் மொய்சனைட்டோ ஆலையில் வளர்ந்தது, எனவே அதன் செயற்கை இணை மட்டுமே. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் காடோலினியம் கேலியம் கார்னெட் என்ற படிகத்திற்கு அத்தகைய இணையும் இல்லை. கார்னெட் என்பது இயற்கைக் கனிமங்களின் பெயர்தான் என்றாலும், இதன் பெயரில் அது இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

உண்மையான சிக்கல் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. மனிதர் தோண்டிய சுரங்கச் சுவரில், யாரும் திட்டமிடாமல் நிலத்தடி நீரால் படிந்த சேர்மத்தைக் கனிமமாக ஏற்க வழி உண்டு. ஆனால் கிரேக்க நாட்டு லாவ்ரியோனில் பண்டைய உலைக்கசடின் (உலோகத்தை உருக்கிப் பிரித்தபின் எஞ்சிய கழிவின்) மீது கடல்நீர் வினைபுரிந்து தந்த படிகங்களைப் போன்றவற்றை, மூலப்பொருள் மனித ஆக்கம் என்பதால், புதிய கனிமங்களாக இப்போது ஏற்பதில்லை. முன்பே ஏற்கப்பட்டவை மட்டும் நீடிக்கின்றன. இவ்வேறுபாடு எனக்குச் சற்று வலிந்ததாகவே படுகிறது, எனினும் விதி அதுவே.

வெப்பமூட்டி நிறம் மேம்படுத்திய இயற்கை மாணிக்கத்தைக் கனிமம் என்றே எழுதி, செய்த பக்குவத்தையும் சீட்டில் சேருங்கள். தோற்றம் உறுதியாகாத கல்லுக்குச் சேர்க்கையை மட்டும் எழுதி, தோற்றத்திற்கான இடத்தை வெறுமையாக விடுங்கள்.