வான் வண்டியின் தண்ணீர் பைப் உறையாமல் நான் செய்தது

நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் வானம் மேகமில்லாமல் தெளிந்திருந்தால் அந்த இரவு துகள் பனிதான், விடிந்து பார்த்தால் புல்லும் தேயிலைக் கொழுந்தும் வெள்ளையாகக் கிடக்கும். அப்படியொரு காலையில் நாங்கள் படுத்துறங்கும் வான் வண்டியில் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. டாங்கியில் தண்ணீர் அப்படியே இருந்தது. உறைந்தது வெளியே அடியில் தொங்கிய மெல்லிய பைப். கொதிதண்ணீர் ஊற்றச் சொன்னான் மச்சான். நான் விடவில்லை, பிளாஸ்டிக் வெடித்துவிடும். குழாயைத் திறந்தபடி விட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துவாயை குழாய்ப் பக்கமிருந்து சுற்றிக்கொண்டே போனேன், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இருமிக்கொண்டு வந்தது.

அப்புறம் அந்தப் பைப்பைக் கழற்றி வானுக்குள்ளேயே ஓட்டிவிட்டேன். உள்ளே கொண்டுவர முடியாத வளைவுக்கு ரெஜிபோம் (தெர்மோகோல்) சுற்றி, மேலே டேப். இப்போது படுக்குமுன் பம்பை நிறுத்தி, பைப்பை வடித்து, குழாயைத் திறந்தே விடுகிறேன், ஏனென்றால் தண்ணீர் உறையும்போது சுமார் 9 வீதம் பெருகும், இடமில்லாவிட்டால் பைப்பைப் பிளந்துவிடும். பள்ளத்தில் வானை நிறுத்துவதே இல்லை, குளிர்காற்று அங்கேதான் தேங்கும். காலைத் தேத்தண்ணிக்கு மட்டும் ஒரு கேத்தல் தண்ணீர் உள்ளே பிடித்து வைத்துவிடுவேன்.