வயசான நாயின் அரிப்பு: என் அனுபவம்

எங்கள் மணிக்கு வயது 11. ஐப்பசி மழையில் வாலடியைக் கடிக்க ஆரம்பித்து, அங்கே முடியெல்லாம் கொட்டிவிட்டது. வயசானால் தோல் வறளும், சரி. ஆனால் வாலடியில் மட்டும் ஏன்? சீப்பால் வாரினால் மிளகுத்தூள் போல் கருப்பாக உதிர்ந்தது. ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்ததும் செம்பழுப்பாகக் கரைந்தது. மண் என்றால் அப்படிக் கரையாது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது நாயின் ரத்தமேதான். பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அரிப்பெடுக்க நாலைந்து கடியே போதும்.

கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்தார், தைராய்டுக்கு ரத்தமும் எடுத்தார். இரண்டிலும் ஒன்றுமில்லை. பிடரியில் விடும் சொட்டு மருந்தும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்புவும் கொடுத்தார். ஷாம்பு 10 நிமிடம் ஊற வேண்டும். அதுவரை மணியைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. (வீட்டில் பூனையும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு விஷம்.)

பாதி வேலை வீட்டில்தான். முட்டையும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் மூலைமுடுக்கிலும் கிடக்கும். பழைய சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு வேட்டி விரித்தோம், வாராவாரம் வெந்நீரில் அலசினோம். சொட்டு மருந்தையும் மாதந்தோறும் விடாமல் போட்டதில், பங்குனிக்குள் வாலடியில் புதுமுடி வந்துவிட்டது.