ஊதியக் குழு தரும் உயர்வைக் கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி?

மத்திய அரசின் 7ஆவது ஊதியக் குழு குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 7,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாயாக உயர்த்தியதை வைத்து, ஊதியம் இரண்டரை மடங்கானது என்று முடிவுகட்டக் கூடாது. 2016 ஜனவரியில் இருந்த 125 சதவீத அகவிலைப்படியை (விலைவாசி உயர்வை ஈடுகட்டத் தரப்படும் படி) பழைய ஊதியத்தோடு முதலில் கூட்டுங்கள். 15,750 ரூபாய் வரும், அதன்மீது கணக்கிட்டால் உண்மையான உயர்வு சுமார் 14 சதவீதமே.

அடுத்து, 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த நெறிப்படி, மூன்று நுகர்வு அலகுகள் (ஒரு பெரியவரின் தேவை ஓர் அலகு) கொண்ட குடும்பத்தின் உணவு, உடை, வாடகை, எரிபொருள் செலவுகளை இன்றைய விலையில் மதிப்பிட்டு, ஊதியம் அதற்குப் போதுமா என்று பாருங்கள்.

தனியார் துறையோடு ஒப்பிடுவோர் கடைநிலைப் பணிகளையும் உயர் பதவிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பொதுவாக முன்னதில் அரசும் பின்னதில் தனியாரும் கூடுதலாகத் தருகின்றனர். 2004 ஜனவரி முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களானால், ஓய்வூதியப் பங்களிப்பாகப் பிடிக்கப்படும் 10 சதவீதத்தையும் கழித்துவிடுங்கள்.