விஞ்ஞானம், பொறியியல் படித்த பெண்கள் துறை மாறுவது எப்படி: கொழும்புக்கான நடைமுறை வழிகாட்டி

கட்டடப் பொறியியல் படித்தவர் தரவுப் பகுப்பாய்வுக்குப் போகிறார். இரசாயனம் படித்தவர் உணவுத் தொழிற்சாலையில் தர முகாமையாளர் ஆகிறார். தாவரவியல் பட்டதாரி சுற்றாடல் ஆலோசகர் ஆகிறார். கொழும்பில் இதெல்லாம் அன்றாடம் நடப்பதுதான். நடக்காமல் நின்றுபோகும்போது காரணம் பெரும்பாலும் ஒன்றே: செய்த வேலைக்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. நிறுவனம் மாறினாலும், கல்யாணம் ஆனாலும், குழந்தைக்காக இரண்டு வருடம் வீட்டில் இருந்தாலும், ஆதாரம் கையில் இருந்தால் அடுத்த கதவைத் தட்டலாம். அதைச் சேர்ப்பதிலிருந்து தொடங்குவோம்.

மாதம் ஒரு பக்கம்

பல்கலைக்கழகத் தொழிற்பயிற்சியின்போது நைட்டா (தொழிற்பயிற்சியை மேற்பார்க்கும் அரச அதிகாரசபை) தினக்குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்தும் வாங்கியிருப்பீர்கள். பட்டம் கிடைத்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. உண்மையில் அது தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். மாதக் கடைசியில் ஒரு பக்கம் எழுதினால் போதும். பிரச்சினை என்ன, நீங்கள் எடுத்த முடிவு என்ன, அதோடு சேர்ந்த எண் என்ன, இதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர் யார் என்ற நான்கும் அதில் இருக்கட்டும்.

"கொங்கிறீட் வேலையை மேற்பார்வை செய்தேன்" என்ற வரியை வைத்து நேர்முகத் தேர்வில் எதையும் காட்ட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆறாம் மாடித் தளம். 150 மி.மீ. சோதனைக் கனக்குற்றிகளின் 7ஆம் நாள் பலம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஸ்லம்ப் (ஈரக் கொங்கிறீட்டின் இளக்கத்தை அளக்கும் சோதனை) பதிவுகளை லொறி வாரியாகப் பார்த்தேன். ஒரு லொறியில் மட்டும் ஸ்லம்ப் அதிகம், வழியில் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள். 28ஆம் நாள் முடிவு வரும்வரை அந்தப் பகுதியில் முட்டுகளைக் கழற்ற வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தேன்." சந்தேகத்தை எண்ணால் சோதித்து, காரணத்தைப் பிடித்து, பொறுப்போடு முடிவெடுத்தவர் என்பது இதில் தெரிகிறது. வங்கியின் இடர் முகாமைத்துவப் பிரிவும் தேடுவது அப்படிப்பட்ட ஆளைத்தான்.

கம்பனியின் வரைபடம், வாடிக்கையாளரின் பெயர், விலை ஆகியவை இந்தப் பக்கத்தில் வரக்கூடாது. சேவைக் கடிதத்தையும் பரிந்துரையையும் ஒவ்வொரு புரொஜெக்ட் முடியும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் வேலையை அறிந்த மூத்த பொறியியலாளர் அடுத்த வருடம் டோஹாவிலோ மெல்பேர்னிலோ இருப்பார். பழைய மின்னஞ்சலுக்குப் பதில் வராது.

பொறியியல் பட்டதாரிகள் முதலில் செய்ய வேண்டியது

வேறு துறைக்குப் போகும் எண்ணம் இருந்தாலும் தொழில்சார் பதிவைத் தொடங்கிவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியற் பேரவைச் சட்டத்தின்படி, பொறியியலாளராகத் தொழில் செய்யப் பேரவையில் பதிவு வேண்டும். பட்டயப் பொறியியலாளர் தகுதிக்கு வழி, கொழும்பு 7 விஜேராம மாவத்தையிலுள்ள இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம். அங்கே தொழில்சார் மதிப்பீட்டுக்குப் போகும்போது கேட்கும் அனுபவ அறிக்கையை, மேலே சொன்ன மாதப் பக்கங்களிலிருந்து சில வார இறுதிகளில் எழுதிவிடலாம். பக்கங்கள் இல்லாதவர் ஞாபகத்தைத் தோண்ட வேண்டிவரும். அறிக்கை மெலிவதும் ஆண்டுகள் தள்ளிப்போவதும் அங்கேதான்.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பி.இ. முடித்து வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கையும் இந்தியாவும் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில், அதாவது பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஒப்பந்தத்தில், முழு உறுப்பினராகின. ஆனால் இந்தியாவின் எல்லாப் பொறியியல் பட்டங்களும் அதற்குள் வராது. அந்நாட்டின் தேசிய தரமதிப்பீட்டுச் சபை (என்.பி.ஏ.) முதல் அடுக்கில் (டியர் 1) அங்கீகரித்த கற்கைநெறிகள் மட்டுமே வரும். கல்லூரியின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் துறைக்கு, நீங்கள் பட்டம் பெற்ற ஆண்டில் அங்கீகாரம் இருந்ததா என்று பாருங்கள். அரச வேலைக்குப் போகும் எண்ணமிருந்தால், வோர்ட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் பட்டத்தின் அங்கீகாரம் பற்றியும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வர்த்தமானியில் விளம்பரம் வந்தபின் ஓடினால் முடிவுத் திகதிக்குள் பதில் கிடைக்காமல் போகலாம்.

தரவுத் துறைக்கு மாறுவது

தரவைக் கையாளும் கணினி மொழிகளான எஸ்கியூஎல், பைதன் ஆகிய இரண்டையும் கற்கத்தான் வேண்டும். ஆனால் சான்றிதழ்களை அடுக்குவதைவிட, முழுதாக முடித்த ஒரு வேலை பெரிது. இணையப் பாடநெறிகள் தரும் சுத்தமான தரவில் பழகியவரும், அழுக்கான தரவை உட்கார்ந்து சீராக்கியவரும் நேர்முகத்தில் பேசத் தொடங்கிய உடனேயே வேறுபட்டுத் தெரிவார்கள். உள்ளூர்த் தரவை எடுங்கள். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கை நல்ல தொடக்கம்.

ஒரு வருடத்துக்கான அறிக்கைகளை இறக்கி, டெங்கு நிரல்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஏ, பி என்று இரண்டு நிரல்கள் இருக்கும்: ஏ அந்த வாரத்து எண்ணிக்கை, பி ஆண்டின் தொடக்கத்திலிருந்து வந்த கூட்டுத்தொகை. இரண்டையும் மாற்றி எடுத்தால் வரைபு ஏறிக்கொண்டே போகும். இந்தத் தவறு பலருக்கும் நேர்கிறது. ஏ நிரலைக் கூட்டிவரும் எண் பி நிரலோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பிந்தி வரும் அறிவித்தல்களால் வித்தியாசம் வரலாம்; வந்தால் அதை மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

அடுத்த சிக்கல் மாவட்டங்களில் வரும். நாட்டில் மாவட்டங்கள் 25. அந்த அறிக்கையில் வரிசைகள் 26, ஏனென்றால் அது சுகாதாரப் பிராந்தியங்களைக் கொண்டு பிரிக்கிறது, கல்முனை அம்பாறையிலிருந்து தனியே வரும். தொகைமதிப்புத் திணைக்களத்தின் சனத்தொகை அட்டவணையோடு அப்படியே இணைத்தால் கல்முனைக்குச் சனத்தொகை கிடைக்காது, வரிசை வெறுமையாகும். அம்பாறையின் நோயாளர் எண்ணிக்கையை முழு மாவட்டச் சனத்தொகையால் பிரிப்பதால் அங்கே டெங்கு விகிதம் பொய்யாகக் குறைந்தும் தெரியும். இரண்டு வரிசைகளையும் கூட்டி ஒன்றாக்கிய பிறகே விகிதம் கணியுங்கள்.

மழைவீழ்ச்சியையும் சேர்க்க விரும்பினால் அதே வாரத்து மழையோடு ஒப்பிடாதீர்கள். தேங்கிய நீரில் முட்டை பொரித்து நுளம்பாக ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். அது கடித்து, நோய் தெரிந்து, பதிவாக இன்னும் வாரங்கள் போகும். நான்கு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை பின்தள்ளிப் பார்த்து, எந்த இடைவெளியில் தொடர்பு வலுக்கிறது என்று எழுதுங்கள். முடித்ததை நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டு, என்ன செய்தீர்கள், எதை நம்பக்கூடாது என்று ஒரு பக்கத்தில் விளக்குங்கள். உயிரியல் படித்தவருக்கு இந்த வேலையில் உண்மையான அனுகூலம் இருக்கிறது: நுளம்பின் வாழ்க்கை வட்டம் தெரியாத நிரலாளர் அந்த இடைவெளியை யோசித்திருக்கமாட்டார்.

மென்பொருள் சோதனைக்குப் போவோருக்கு ஐஎஸ்டிகியூபி என்ற சர்வதேசச் சான்றிதழின் அடிப்படைத் தேர்வு உதவும். 40 கேள்விகள், 60 நிமிடம், சித்தியடைய 26 சரியாக வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் ஆங்கிலத்தில் எழுதினால் 75 நிமிடம் கேட்கலாம். பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

ஆய்வுகூடமும் சுற்றாடலும்

இரசாயனம், நுண்ணுயிரியல் படித்தவர்களுக்குச் சோதனை ஆய்வுகூடங்கள் நல்ல வழி, ஆனால் மாதிரியைச் சோதிப்பதோடு நின்றால் பல வருடம் அதே மேசைதான். ஆய்வுகூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 சர்வதேசத் தரத்தைப் படித்து, அளவீட்டு நிச்சயமின்மையைக் கணக்கிடவும், கருவியின் அளவுத்திருத்தப் பதிவைப் பேணவும், உள்ளகக் கணக்காய்வு நடத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குமேல் தலைமைக் கணக்காய்வாளர் பயிற்சி, வழமையாக ஐந்து நாள், 40 மணிநேரம். பல இடங்களில் அதற்குக் கம்பனியே பணம் கட்டும். வருடாந்த மதிப்பீட்டின்போது எழுத்தில் கேளுங்கள்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டில் தமிழ் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 வேலை நாட்கள் திறந்திருக்கும். மன்னாரிலோ மூதூரிலோ நடக்கும் திட்டத்துக்கு, மீனவரிடமும் விவசாயியிடமும் அவர்கள் மொழியிலேயே பேசி, கேட்டதைத் தொழில்நுட்ப அறிக்கையாக எழுதக்கூடிய விஞ்ஞானப் பட்டதாரியை ஆலோசனை நிறுவனங்கள் தேடுகின்றன. சுயவிபரக்கோவையில் "தமிழ்: தாய்மொழி" என்று கடைசி வரியில் போடாமல், அந்த மொழியில் செய்த களவேலையை மேலே எழுதுங்கள்.

அரச சேவையை நாடுவோர் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்க வேண்டும்; வயதெல்லையைத்தான் முதலில். நியமனத்துக்குப் பின் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதால் சிங்களத்தை இப்போதே தொடங்குவது நல்லது.

சைட் வேலையை ஏற்குமுன்

பெண்ணுக்குச் சைட் சரிவராது என்று வீட்டிலும் சொல்வார்கள், சில வேலைத்தளங்களிலும் சொல்வார்கள். வடிவமைப்பு அலுவலகம் விருப்பமென்றால் அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுங்கள். இலங்கையின் முதல் பெண் பொறியியலாளராக அறியப்படும் பிரேமளா சிவசேகரம் கட்டடத் திணைக்களத்தில் கட்டமைப்பு வடிவமைப்பில் பணியாற்றியவர். ஆனால் பயந்து அதற்குப் போகாதீர்கள். சைட்டில் தாங்க முடியாதவை பெரும்பாலும் தீர்க்கக்கூடியவை, கையெழுத்திடுமுன் கேட்டால். பெண்களுக்குப் பூட்டுள்ள தனிக் கழிவறை இருக்கிறதா? 36, 37 அளவில் பாதுகாப்புச் சப்பாத்து வாங்கித் தருவார்களா? பெரிய அளவைப் பஞ்சு திணித்துப் போட்டால் சாரத்தில் கால் இடறும். கொங்கிறீட் போடும் நாள் இரவு பத்து மணியைத் தாண்டலாம். அன்று வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ கொண்டுபோய்விடும் வாகனத்துக்கு யார் பொறுப்பு?

இடைவெளியும் பணமும்

கடை, அலுவலகப் பணியாளர் சட்டத்துக்குள் வரும் வேலையில் மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள். வார விடுமுறை, போயா, அரச விடுமுறைகள் அதில் சேரா. 2018 திருத்தத்துக்குப் பின் மூன்றாவது குழந்தைக்கும் அதே அளவு.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். திருமணத்தைக் காரணம் காட்டி வேலையை விடும் பெண் சேமலாப நிதியை எடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. கல்யாணச் செலவுக்கு அதை எடுக்கச் சொல்லும் உறவினர்கள் இருப்பார்கள். எடுக்காதீர்கள், 50 வயதில் அது உங்கள் பெயரில் வளர்ந்த தொகையாகக் கையில் வரும். கல்யாணத்துக்குப் பின் பெயரை மாற்றினால், பட்டச் சான்றிதழ், அடையாள அட்டை, நிதிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் இருக்காது. பழைய பெயரிலேயே தொடர்வது எளிது. மாற்றினால், அடுத்த வேலையில் சேரும் நாளுக்கு முன்பே விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து, நிதிக் கணக்கின் பெயரையும் திருத்திவிடுங்கள்.