வழிகாட்டியுடன் மலைச் சைக்கிள் பயணம்: மூட்டை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைப்பாதைச் சைக்கிள் பயணங்களுக்குப் புதிதாக வருபவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஒரே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். அவற்றுள் பல நானும் ஒரு காலத்தில் செய்தவையே என்பதால், அவை எங்கே கொண்டுபோய் விடும் என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிடுகிறது. தண்ணீரும் கையுறையும் மறக்காதீர்கள் என்பது போன்ற அறிவுரைகளைப் பயண ஏற்பாட்டாளரின் பட்டியலே தந்துவிடும். ஆகவே அவற்றை இங்கே தொடப்போவதில்லை. அந்தப் பட்டியலை வரிக்கு வரி சரிபார்த்துக்கொண்டு வந்தவர்களும் சறுக்கும் இடங்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

கிளம்பும் வாரத்தில் புதுப் பாகம் பொருத்துவது

பயணத்துக்கு முன் சைக்கிளை முழுப் பராமரிப்புக்கு விடுவது நல்ல வழக்கம். அதைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுவதில்தான் கேடு இருக்கிறது. புதிய பிரேக் பேட் டிஸ்க்கோடு படிந்த பிறகுதான் முழுப் பிடிமானம் தரும். அதற்கு மிதமான வேகத்தில் சென்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி நடை வேகம் வரை உறுதியாகப் பிடித்து விடுவதை, ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது முறையாவது செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் நேரே ஒரு நீண்ட இறக்கத்தில் இறங்குபவரின் பேட் மேற்பரப்பு சூட்டில் இறுகிப் பளபளத்துவிடும்; அதன் பிறகு கீச்சொலி மிஞ்சுமே தவிர, பிடிமானம் கிடைக்காது.

தேய்ந்த பழைய கேசட்டில் (பின்சக்கரத்துப் பற்சக்கரத் தொகுதி) புதுச் செயினைப் போட்டால் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். கடையில் ஸ்டாண்டில் மாட்டிச் சுழற்றிப் பார்க்கும்போது அந்தக் குறை தெரியவே தெரியாது. புதிய கியர் கேபிளும் முதல் சில சவாரிகளில் சற்றுத் தளர்ந்து மறுபடியும் சரிசெய்யச் சொல்லும். எனவே பராமரிப்பை மூன்று வாரங்களுக்கு முன்பே முடித்துக்கொண்டு, பயணத்தில் எடுத்துச் செல்லப்போகும் அதே பையுடன் உண்மையான ஏற்ற இறக்கங்களில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. சஸ்பென்ஷன் காற்றழுத்தத்தையும் அந்தப் பை முதுகில் இருக்கும்போதே சரிபார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுக் காலணி

வேண்டாம்.

“வழிகாட்டியிடம் இருக்கும்” என்ற நம்பிக்கை

என்னை இன்றளவும் எரிச்சலூட்டுவது இந்த ஒரு நம்பிக்கைதான். வழிகாட்டியின் பையில் பம்பு, டியூப், ஆலன் கீ, செயின் கருவி, முதலுதவிப் பொருட்கள் எல்லாம் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அவை எந்தச் சைக்கிளுக்கும் பொருந்தும் பொதுப் பொருட்கள். உங்கள் சைக்கிளுக்கு மட்டுமே பொருந்தும் பாகங்களை, குழுவில் உள்ள எட்டுப் பேருக்கும் சேர்த்து அவர் சுமந்து வர முடியாது. அத்தகைய பாகங்களில் முதலிடம் டீரெய்லர் ஹேங்கருக்கு.

செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பின் டீரெய்லரைச் சைக்கிளின் சட்டத்தோடு (ஃபிரேம்) இணைக்கும் இந்தச் சிறு அலுமினியத் துண்டு வேண்டுமென்றே வலுக்குறைவாகச் செய்யப்படுகிறது. பாறையிலோ மரக்கட்டையிலோ டீரெய்லர் மோதினால், விலையுயர்ந்த சட்டத்துக்குச் சேதம் வராமல் இது வளைந்தோ முறிந்தோ போக வேண்டும் என்பதே ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், நெடுங்காலம் ஒவ்வொரு சட்டத் தயாரிப்பாளரும் தமக்கென ஒரு வடிவத்தை வைத்திருந்தார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குக்கூட வெவ்வேறு ஹேங்கர் தேவைப்படும். 2019இல் சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஸ்ராம் நிறுவனம் யுடிஎச் என்ற பொது ஹேங்கர் வடிவத்தைக் கொண்டுவந்த பிறகு, புதிய சட்டங்கள் பலவற்றில் நிலைமை எளிதாகியிருக்கிறது. ஹேங்கரே இல்லாமல் நேரடியாகச் சட்டத்தில் பொருந்தும் டீரெய்லர்களும் வந்துவிட்டன. ஆனால் உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய சட்டம் என்றால், பழைய சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு பயணத்தில் இரண்டாம் நாள் காலை, நல்ல விலை கொடுத்து வாங்கிய முழு சஸ்பென்ஷன் சைக்கிளுடன் வந்திருந்த ஒருவரின் ஹேங்கர் முதல் இறக்கத்திலேயே முறிந்தது. வழிகாட்டி தன் பெட்டியிலிருந்த ஹேங்கர்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார், ஒன்றும் பொருந்தவில்லை. “இதெல்லாம் உங்களிடம் இருக்கும் என்றுதானே நினைத்தேன்” என்று அந்த மனிதர் சொன்னதில் கோபத்தைவிட உண்மையான வியப்பே தெரிந்தது. டீரெய்லரைக் கழற்றிவிட்டு, செயினைக் குறுக்கி ஒற்றைக் கியராக ஓட்டலாமே என்று குழுவில் ஒருவர் யோசனை சொன்னார். பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் அது ஓரளவுக்கு நடக்கும். முழு சஸ்பென்ஷனில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும்போது செயினுக்குத் தேவைப்படும் நீளம் மாறிக்கொண்டே இருப்பதால், அது ஒன்று தளர்ந்து கழலும், இல்லையெனில் இழுபட்டு அறும். இரண்டுமே நடந்தன. எல்லோரும் நெடுநேரம் வெயிலில் காத்திருந்த பிறகு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு இறங்கினார். எஞ்சிய நாட்களைப் பொருள் ஏற்றும் வாகனத்தின் முன் இருக்கையில் கழித்தார். முழுப் பயணத்துக்கும் கட்டணம் செலுத்தியிருந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கிளம்புவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே சட்டத்தின் மாடலையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு சரியான ஹேங்கரை வாங்குங்கள். வந்ததும், பின் அச்சைக் கழற்றி, பழையதன் பக்கத்தில் வைத்துத் துளைகளின் இடத்தையும் உள்முகத்தின் வடிவத்தையும் ஒப்பிடுங்கள். படத்தைப் பார்த்து மட்டும் நம்பக்கூடாது. அதற்குரிய திருகாணியும் கூடவே இருக்க வேண்டும், ஏனெனில் முறியும்போது பழைய திருகாணி புல்லுக்குள் எங்கோ போய்விடும். இத்தனையும் செய்துவிட்டு அதைத் தங்குமிடத்துப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு துண்டுத் துணியில் சுற்றி முதுகுப் பையின் அடியில் வைத்துவிட்டால் எடையே தெரியாது.

இதே தர்க்கம் பிரேக் பேடுக்கும் பொருந்தும். இரண்டு பிஸ்டன், நான்கு பிஸ்டன் என்று காலிபர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) மாறும்போது பேட் வடிவமும் மாறும். ரெசின் பேட் சேறும் மழையும் சேர்ந்த ஓரிரு நாட்களிலேயே தேய்ந்து தீர்ந்துவிடக்கூடும் என்பதால், முன்னும் பின்னும் மாற்றுவதற்கு ஒவ்வொரு ஜோடி கையில் இருக்கட்டும். செயின் இணைப்புக் கண்ணியும் உங்கள் செயினின் வேக எண்ணிக்கைக்கு (பின்பக்கக் கியர்களின் எண்ணிக்கை) உரியதாக இருக்க வேண்டும். 11 வேகத்துக்கு உரியது 12 வேகச் செயினுக்கு ஆகாது.

பெட்டியில் அடைக்கும்போது

சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பையோ மடித்த அட்டையையோ செருகாமல் விட்டால், வழியில் யாராவது பிரேக் நெம்புகோலை அழுத்தும்போது பிஸ்டன்கள் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்குகளைக் கழற்றித் தனியே தட்டையாக வைப்பது நல்லது. பெட்டிக்குள் வளைந்துபோன டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் உரசும். டீரெய்லரையும் ஹேங்கரிலிருந்து கழற்றிச் சட்டத்துக்குள் கட்டிவிடுங்கள். மின்கலத்தில் இயங்கும் டீரெய்லர் என்றால் மின்கலத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பயணத்தின் அசைவிலேயே அது விழித்து விழித்துத் தீர்ந்துவிடலாம்.

டியூப்லெஸ் டயரில் காற்றை முழுவதும் இறக்கிவிடுபவர்கள், விளிம்பு ரிம்மை விட்டு விலகி, உள்ளே ஊற்றியிருக்கும் துளையடைப்புத் திரவமான சீலன்ட் பைக்குள் வழிந்திருப்பதைச் சென்று சேர்ந்த பிறகே பார்க்கிறார்கள். விமானத்தின் சரக்கறையும் அழுத்தம் பேணப்படும் இடம்தான், டயர் வெடித்துவிடாது. நிறுவனம் காற்றைக் குறைக்கச் சொன்னால் குறையுங்கள், ஆனால் விளிம்பைப் பிடித்து வைக்கும் அளவுக்கு மிச்சம் வையுங்கள்.

இடது பெடல்

அதன் மரை எதிர்த்திசையில் திரும்பும்.

மின்கலங்களும் வாயுக் குப்பிகளும்

உதிரி லித்தியம் மின்கலங்களையும் பவர் பேங்குகளையும் கைப்பையில் மட்டுமே விமானத்தில் கொண்டு செல்லலாம். 100 வாட்-அவருக்கு மேற்பட்டவற்றுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மின்சைக்கிளின் மின்கலம் வழக்கமாக 160 வாட்-அவர் என்ற மேல்வரம்பையும் வெகுவாகத் தாண்டுவதால், பயணிகள் விமானத்தில் அதற்கு இடமில்லை. சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளுக்கும் முன் ஒப்புதல் தேவை. கைப்பம்பு எந்தக் கேள்வியையும் எழுப்பாது.

ஹெல்மெட்

காலணியோடும் ஒரு ஜோடி சவாரி உடையோடும் சேர்த்துக் கைப்பையில். சைக்கிள் பெட்டி வந்து சேராவிட்டாலும் வாடகைச் சைக்கிள் கிடைக்கும்; உங்கள் தலைக்கும் காலுக்கும் பொருந்துவது கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

காலையில் பாகங்களைப் பொருத்துவது

சென்று சேர்ந்த மாலையிலேயே சைக்கிளின் பாகங்களைப் பொருத்தி, கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் திருகாணிகளை அதில் அச்சிட்டிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கி, வாசல் வரையாவது ஓட்டிப் பிரேக்கும் கியரும் சரிதானா என்று பாருங்கள். மறுநாள் காலை எல்லோரும் ஹெல்மெட்டோடு நிற்கும்போது வழிகாட்டியிடம் 5 மி.மீ. ஆலன் கீ கேட்பவருக்கு அவர் அதைக் கொடுப்பார். ஆனால் அன்றைய முதல் இறக்கத்தில் அவர் உங்கள் பின்னாலேயே வருவார்.