அம்மாவிடம் போர்க்காலத்தைக் கேட்டு எழுதும் முறை

உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ இலங்கைப் போர்க்காலத்தில் இளம்பெண்ணாக இருந்தவரா? அவர் கதையை இந்த ஆண்டே எழுதிவையுங்கள்.

"ஊரை விட்டு ஏன் போகாமல் இருந்தீர்கள்?" என்று தொடங்க வேண்டாம். எங்கள் பெண்களிடம் அதற்கு ஒரே பதில்தான்: "வீட்டைப் பார்க்க வேண்டியிருந்தது." அதோடு பேச்சு நின்றுவிடும். பொருட்களைக் கேளுங்கள். சைக்கிள் யாருடையது? மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் ஜாம் போத்தல் விளக்கு யார் படிப்பதற்கு எரிந்தது, அவருக்கா தம்பிக்கா? 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரோடு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தபோது எந்தப் பையைத் தூக்கினார்?

'பாஸ்' என்ற பயண அனுமதி பற்றிக் கட்டாயம் கேளுங்கள். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் அனுமதி தேவைப்பட்டது; போகிறவருக்காக ஒருவர் பிணை நிற்கவும் வேண்டியிருந்தது. 1993இல், பத்தொன்பது வயதில், கிளாலிக் கடலை இரவுப் படகில் கடந்து வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்தேன். பிணைக்குக் கையெழுத்து வைத்தவர் என் அக்கா. வெள்ளவத்தை லொட்ஜ் அறையில், பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்த இரவுகளில், அக்காவின் வாழ்க்கையைப் பறித்துவிட்டேன் என்று அழுதிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகுதான் அவர் முன்னால் உட்கார்ந்து கேட்க முடிந்தது.

"என் வகுப்புப் பிள்ளைகளை விட்டுவர எனக்கு மனமில்லை. பிணை நிற்கிறவள் ஊரைவிட்டுப் போக முடியாது என்று சொல்லித்தான் அம்மா பேசி வந்த வெளிநாட்டுக் கலியாணத்தையும் தட்டிக்கழித்தேன்" என்றார்.

ஒன்பது ஆண்டுகளாக அவர் ஊரிலேயே தங்கியதைத் தியாகம் என்றே நினைத்திருந்தேன். சுதந்திரமாகப் போனவள் என்று ஊர் சொன்ன நானோ, மாதம் தவறாமல் வீட்டுக்குக் காசு அனுப்பி, விரும்பிய படிப்பைக் கைவிட்டிருந்தேன்.

ஆகவே 'கடமை' என்ற சொல் வரும் இடத்தில் தாண்டிப் போகாதீர்கள். அப்படிச் சொன்னது யார்? அப்போது அண்ணன் எங்கே இருந்தார்? மறுத்திருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும்? இயக்கத்துக்குப் போன தோழியைப் பற்றியும், விசாவுக்காக லொட்ஜில் காத்திருந்த மணப்பெண்ணைப் பற்றியும் இப்படியே கேளுங்கள். பதிலுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கொழும்பு வாழ்க்கையையும் விடக் கூடாது. 2007 ஜூன் 7 அன்று லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கொழும்பில் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய காலம் அது. தனியாக வந்த பெண் பொலிஸுக்குச் சொன்ன காரணம் என்ன, அம்மாவுக்கு எழுதிய காரணம் என்ன என்று இரண்டையும் கேளுங்கள்.

மத்தியானச் சமையல் முடிந்து, வீட்டு ஆண்கள் வெளியே போன நேரம் நல்லது. வீதிப் பக்க ஜன்னலை மூடிவிடுங்கள். கீரை ஆய்ந்துகொண்டே பேசட்டும். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். பதிவு செய்வதானால் முதலில் சம்மதம் கேளுங்கள். அழுதால் கைபேசியை நிறுத்திவிட்டுத் தேநீர் போடுங்கள். முக்கால் மணி நேரம் போதும், இன்னொரு நாள் தொடரலாம்.

எழுதியதை அவருக்கே உரக்க வாசித்துக் காட்டுங்கள். நீக்கச் சொன்னதைக் காரணம் கேட்காமல் நீக்குங்கள். அக்கா மூன்று பெயர்களை நீக்கச் சொன்னார். அந்தப் பெண்கள் இப்போதும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள்.